லிஸ்பன் உடன்படிக்கைப் பொதுவாக்கெடுப்புகள் (அயர்லாந்து)

ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கையை ஏற்பதற்கு அரசியலமைப்பைத் திருத்தலாமா என்று அயர்லாந்துக் குடிமக்களிடம் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் கேட்கப்பட்ட இரு வாக்கெடுப்புகள். உறுப்பு நாடுகளில் அயர்லாந்து மட்டுமே இதை மக்கள் வாக்குக்கு விட்டது. பொருளியலாளர் ரேமண்ட் கிராட்டி தொடுத்த வழக்கில் இத்தகைய உடன்படிக்கைகளை ஏற்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்கு அடிப்படை.

முந்தைய உடன்படிக்கைகளைத் திருத்தும் விதிகளின் தொகுப்பாக இருந்ததால், லிஸ்பன் ஆவணம் சாதாரண வாசகருக்கு எளிதில் பிடிபடவில்லை. முடிவெடுப்பதில் வாக்காளர் பட்ட பெரும் சிரமம் இதுவே. அதே நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டு மெக்கென்னா தீர்ப்பின்படி, ஒரு தரப்பை ஆதரித்துப் பரப்புரை செய்ய அரசு பொதுப்பணத்தைச் செலவிட முடியாது; நடுநிலை விளக்கம் தரும் பொறுப்பு பொதுவாக்கெடுப்பு ஆணையத்திடம் இருந்தது. ஃபியன்னா ஃபாயில், ஃபினே கேல், தொழிற்கட்சி ஆகிய கட்சிகள் உடன்படிக்கையை ஆதரித்தன. சின் ஃபெயின் கட்சியும் லிபர்ட்டாஸ் அமைப்பும் எதிர்த்தன. ‘தெரியாவிட்டால் வேண்டாம் என்று வாக்களியுங்கள்’ என்ற எதிர்த்தரப்பு முழக்கம் தயங்கியவர்களை ஈர்த்தது. உடன்படிக்கை புரியவில்லை என்பதையே பலர் காரணமாகக் கூறியதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

2008 ஜூன் 12இல் 53.4 விழுக்காட்டினர் மறுத்தனர். அதன்பின் இராணுவ நடுநிலை, வரிவிதிப்பு, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவற்றில் அயர்லாந்தின் உரிமை பாதிக்கப்படாது என்றும், ஐரோப்பிய ஆணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் நீடிப்பார் என்றும் ஐரோப்பியத் தலைவர்கள் உறுதியளித்தனர். இடையில் நிதி நெருக்கடியும் நாட்டைக் கடுமையாகத் தாக்கியது. உடன்படிக்கையின் வாசகம் மாறாமலே மறுவாக்கு கோரப்பட்டதை எதிர்ப்பாளர்கள் கண்டித்தனர்; அது புறந்தள்ளத்தக்க குறை அன்று. 2009 அக்டோபர் 2இல் 67.1 விழுக்காட்டினர் ஒப்புதல் அளித்தனர். உடன்படிக்கை 2009 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது.