தண்ணீரில் சுருங்கிய வளையங்கள்

நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது வங்கி கவுண்டரில். ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு படித்தவற்றில் ஒரு பழைய வழக்கு என்னை விடவே இல்லை: ஒளி துகளா, அலையா?

நியூட்டன் 1704-ல் வெளியிட்ட 'ஆப்டிக்ஸ்' நூலில் ஒரு சோதனை வருகிறது. லேசாக வளைந்த கண்ணாடி வில்லையை இன்னொரு கண்ணாடியோடு சேர்த்து வைத்தால், தொடும் புள்ளியைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். நடுவே தண்ணீரைக் கசியவிட்டார். வளையங்கள் சுருங்கி, குறுக்களவு ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கானது. அப்படியானால் அதே வளையத்துக்குத் தேவைப்படும் இடைவெளி, காற்றில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கு என்று கணக்கிட்டார்.

அந்த முக்கால், தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணான 1.33-ஐத் தலைகீழாகப் போட்டது! ஆனால் ஒளி துகள், அது தண்ணீரில் இன்னும் வேகமாகப் போகும் என்பதுதான் நியூட்டனின் கொள்கை. வவுச்சர் சரி, லெட்ஜரில் தலைப்புதான் தவறு என்பேன்.

1801-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் யங், நியூட்டனின் அளவுகளையே வைத்து ஒவ்வொரு நிறத்துக்கும் அலைநீளம் கணக்கிட்டார். தண்ணீரில் வேகம் குறைகிறது, அலைகள் நெருங்குகின்றன, அதனால் வளையம் சுருங்குகிறது என்றார். அதற்குக் கிடைத்தது, 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் ஹென்றி புரூஹாம் எழுதிய காரசாரமான வசைதான்.

நீங்கள் கேட்கலாம்: அலைநீளம் சுருங்கினால் நிறம் மாற வேண்டாமா? சோடியம் விளக்கின் மஞ்சளுக்குக் காற்றில் 589 நானோமீட்டர், தண்ணீரில் சுமார் 442. காற்றில் 442 என்றால் அது நீலம். ஆனால் தண்ணீருக்குள் முங்கிப் பார்த்தாலும் மஞ்சள் மஞ்சள்தான்.

நம் கேட் அருகே உள்ள வேகத்தடையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் மெதுவாகும், நெருங்கும். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை வருகிறதோ அத்தனைதான் வெளியே போகும். அலையும் அப்படித்தான். எல்லையில் பாக்கி வைக்க இடமில்லை, வரவும் செலவும் டாலி ஆகவேண்டும். அந்த மஞ்சள் காற்றிலும் தண்ணீரிலும் விநாடிக்குச் சுமார் 509 லட்சம் கோடி தடவை அதிர்கிறது. நிறத்தைச் சொல்வது இந்த அதிர்வெண்தான். போதாததற்கு, நம் கண்ணுக்குள் இருப்பதும் தண்ணீரைப் போன்ற திரவம். ஒளி எங்கிருந்து வந்தாலும் கடைசியில் அதன் வழியாகத்தான் விழித்திரையை அடைகிறது.

வேகத்தை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க 1838-லேயே பாரிஸில் அராகோ வழி சொன்னார். செய்து முடிப்பதற்குள் அவர் பார்வை மங்கிவிட்டது. 1850-ல் இளைஞர் ஃபூக்கோ, சுழலும் கண்ணாடியையும் தண்ணீர் நிரப்பிய குழாயையும் கொண்டு சோதித்தார். ஒளி தண்ணீரில் மெதுவாகத்தான் போனது. சில வாரங்களில் ஃபிஸோவும் அதையே கண்டார். அராகோ அதைக் கேட்க உயிரோடிருந்தார். யங் 1829-லேயே காலமாகியிருந்தார்.