லிபியன் சிபில் கோட்டோவியம்

லிபியன் சிபில் கோட்டோவியம் இத்தாலியக் கலைஞர் மைக்கலாஞ்சலோ 1510–11 அளவில் செங்காவிக் கோலால் தாளில் வரைந்த உருவப் பயிற்சி. ரோம் நகரின் சிஸ்டைன் ஆலய விதானத்தில் அவர் தீட்டிய குறிசொல்லும் பெண்ணுக்கு இது முன்வரைவு. 1924 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதைத் தனிமனித மேதைமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் கையிலிருந்த பொருளுக்கும் சூழ்ந்திருந்த சமூகத்துக்கும் இதில் பெரும் பங்குண்டு.

முந்தைய தலைமுறை விரும்பிய வெள்ளிமுனைக் கோல், பூச்சிட்ட தாளில் மெல்லிய கோடு மட்டுமே இடும்; அழுத்தினாலும் அது அதிகம் கருக்காது, எளிதில் அழியவும் அழியாது. இரும்புத்தாது கலந்த களிமண்ணான செங்காவியோ கூர்தீட்டினால் நுண்கோடும், அழுத்தினால் அடர்நிழலும், தேய்த்தால் மென்னிழலும் தரும். முறுக்கிய முதுகின் தசைகள் இங்கே மேடுபள்ளத்தோடு புலப்படுவது அதனால்தான். சுவரோவிய முறையும் தன் பங்கைச் செய்தது. ஈரச் சுண்ணப்பூச்சு உலர்வதற்குள் தீட்டி முடிக்க வேண்டும். சாரத்தின் மேல் நின்று தயங்க முடியாது. எனவே ஐயங்களைத் தாளிலேயே தீர்த்துக்கொண்டார்: முகத்தைத் தனியே மீண்டும் வரைந்தார், உடலின் எடை ஊன்றும் கால்விரல்களைப் பலமுறை வரைந்து பார்த்தார்.

பெண்ணுருவுக்கு மாதிரியாக நின்றவர் ஓர் ஆண். அன்றைய ஓவியக்கூடங்கள் ஆண்களுடையவை. உதவியாளர்களே மாதிரிகளாக நிற்பார்கள், பெண்களை ஆடையின்றி நிற்கவைப்பது அரிது. சமகால ஓவியரான ராஃபேல் சில ஆண்டுகளுக்குப் பின் பெண் மாதிரியைக் கொண்டு செங்காவியில் வரைந்ததாகக் கருதப்படுகிறதே, அப்படியானால் வழக்கம் யாரையும் கட்டிப்போடவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், திரண்ட ஆணுடலில் மைக்கலாஞ்சலோவுக்கு இருந்த ஈடுபாடும் காரணம். ஆனால் வழக்கத்தை மீற ராஃபேல் முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. மைக்கலாஞ்சலோவின் விருப்பமோ வழக்கம் திறந்துவைத்த வழியிலேயே சென்றது. அதே காவியைப் பலர் கையாண்டும் இத்தகைய படைப்பு எல்லோருக்கும் வாய்க்கவில்லை என்பது மற்றொரு மறுப்பு. பொருளும் சூழலும் திறமையைப் படைப்பதில்லை; அது எந்த வடிவில் வெளிப்படலாம் என்பதை வரையறுக்கின்றன. இவ்விரண்டையும் விட்டுவிட்டு இந்த ஓவியத்துக்குச் சொல்லும் விளக்கம் முழுமை பெறாது.