உப்பு வெளியில் ஒரு முதியவர்

உத்தியோகத்திலிருந்து விலகியவரை நம் நாட்டில் இளைப்பாறியவர் என்று குறிப்பிடுகிறோம். இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர் என்று பெயரோடு சேர்த்தே வழங்குவதும் உண்டு. அழகான சொல். நெடுந்தூரம் நடந்து களைத்த ஒருவன் மரநிழலிற் சற்றே அமர்கின்ற காட்சியை அது மனக்கண்முன் கொண்டுவருகின்றது. ஆனால், அவ்வாறு அமர்ந்தவன் களைப்பு நீங்கியதும் எழுந்து நடப்பான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். உபகாரச் சம்பளம் வரத் தொடங்கியதும் சாய்மனைக் கதிரையும் காலைப் பத்திரிகையுமே இனிக் கதி என்று எண்ணிவிடுகிறோம். இளமையில் ஆசையோடு செய்த ஒன்றை, "இந்த வயதிலே இது எதற்கு?" என்று ஊரார் கேட்குமுன்னரே தம்மைத் தாமே கேட்டுக் கைவிட்டுவிடுவோர் எத்தனையோ பேர்.

அந்தக் கேள்விக்குச் செவிசாய்க்காது வாழ்ந்த ஒருவருடைய வரலாற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் நாடாண்டவர் அல்லர். நூல் எழுதியவரும் அல்லர். ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாழ்நாள் முழுதும் நேசித்தவர். பேர்ட் மன்றோ என்பது அவர் பெயர்.

நியூசீலாந்தின் தென்கோடியில் இன்வர்காகில் என்றொரு நகர் இருக்கின்றது. அந்தப் பகுதியிலே 1899ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் தேதி மன்றோ பிறந்தார். இரட்டையராய்ப் பிறந்த இருவருள் பெண்குழந்தை பிறக்கும்போதே இறந்துபோயிற்று. எஞ்சிய ஆண்குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் சொன்னார்களாம். அந்தக் குழந்தைதான் 78 வயதுவரை வாழ்ந்தது. வயதைப் பற்றிப் பிறர் கூறும் கணக்கை நம்பலாகாது என்ற பாடத்தை அவர் தொட்டிலிலேயே கற்றுக்கொண்டார் போலும்.

சிறுவயதிலேயே வேகத்தில் அவருக்கு மோகம் இருந்தது. பண்ணையிலிருந்த குதிரைகளுள் மிக விரைவாக ஓடுவதைத் தேர்ந்தெடுத்து, தந்தையார் கண்டித்தும் கேளாமல், வயல்வெளியெங்கும் ஓட்டித் திரிவார். 1920ஆம் ஆண்டிலே, 21 வயதில், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். "இந்தியன் ஸ்கௌட்" என்பது அதன் பெயர்.

பெயரைக் கேட்டதும் நம் அயல்நாட்டில் செய்யப்பட்டதோ என்று நேயர்கள் எண்ணலாம். அது அமெரிக்க வண்டி. மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்பீல்ட் நகரில் 1901ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் ஹெண்டி, ஒஸ்கார் ஹெட்ஸ்ட்ரோம் என்னும் இருவர் தொடங்கிய நிறுவனம் அதனைத் தயாரித்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறிக்க அந்நாளில் வழங்கிய சொல்லையே அவர்கள் தம் வண்டிக்குப் பெயராகச் சூட்டினர். 1911ஆம் ஆண்டில் மேன் தீவில் நடைபெற்ற புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் இந்த வண்டிகளே வென்றன. அன்று இரண்டாமிடம் பெற்ற சார்ள்ஸ் பிராங்ளின் என்னும் அயர்லாந்துக்காரரே பின்னர் அமெரிக்கா சென்று ஸ்கௌட் வண்டியை வடிவமைத்தவர். இரட்டை உருளை கொண்ட அதன் எஞ்சின் ஏறக்குறைய 600 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. மணிக்கு 55 மைல் என்பதே அதன் உச்சவேகம். அக்காலத்துக்கு அது போதுமான வேகந்தான்; மன்றோவுக்கு மட்டும் போதவில்லை.

1926ஆம் ஆண்டளவில் அவர் வண்டியைத் திருத்தத் தொடங்கினார். கைவசம் பணம் இல்லை. 1930களின் பொருளாதார மந்தம் அவரைக் குடும்பப் பண்ணைக்கே திருப்பி அனுப்பியது. பின்னர் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராக வேலை கிடைத்தது. பகலில் விற்பனை, இரவில் பட்டறை என்று காலம் கழிந்தது. வேண்டிய உறுப்புக்களை விலைகொடுத்து வாங்க இயலாமையால் அவற்றைத் தாமே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து, உலோகத்தை உருக்கி வார்த்துப் பிஸ்டன் செய்தார். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கின்ற தண்டுகளைப் பழைய உழவு யந்திரத்தின் அச்சிலிருந்து கையால் அராவிச் செதுக்கி எடுத்தார். நுண்ணளவு பார்க்கும் கருவிக்குப் பதிலாகப் பழைய சக்கரக் கம்பி ஒன்று அவருக்கு உதவிற்று. அடியில் பொருத்தப்பட்டிருந்த வால்வுகளை உருளையின் தலைமேல் அமையுமாறு மாற்றினார். 600 கன சென்ரிமீற்றராயிருந்த கொள்ளளவைச் சிறிது சிறிதாகப் பெருக்கி, இறுதியில் 950க்குக் கொண்டுவந்தார்.

இவ்வாறு சொல்லிவிடுவது எளிது. உருளையைக் குடைந்து அகலமாக்கினால் எரிபொருள் மிகுதியாக எரிந்து சக்தி பெருகும் என்பது உண்மையே. ஆனால் சக்தி பெருகப் பெருக வெப்பமும் பெருகும், பிஸ்டன் உருகும், தண்டு முறியும். எவ்வளவோ நாள் உழைத்துச் செய்த உறுப்பு ஒரு நொடியில் உடைந்து சிதறும். ஒவ்வொன்றும் உடைந்தபோது, அது ஏன் உடைந்தது என்று ஆராய்ந்து, அடுத்ததை வேறுவிதமாகச் செய்தார். உடைந்தவற்றை அவர் எறிந்துவிடவில்லை. பட்டறைச் சுவரிலே தட்டுக்கள் அமைத்து, உருகிய பிஸ்டன்களையும் முறிந்த தண்டுகளையும் வரிசையாக அடுக்கி, "வேகத் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கைகள்" என்று எழுதிவைத்தார். தோல்விகளை இவ்வாறு கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை செய்வதற்குத் தனியொரு மனத்திண்மை வேண்டும்.

இனி, இந்த வரலாற்றில் மனம் வருந்தத்தக்க பகுதியையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மன்றோவுக்கு மனைவி மக்கள் இருந்தனர். ஆனால் 1947ஆம் ஆண்டில் மணமுறிவு ஏற்பட்டது. 1940களின் பிற்பகுதியில் அவர் உத்தியோகத்தையும் விட்டார். வண்டி நிற்கும் கொட்டகையையே வீடாக்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே படுத்துறங்கினார். ஒரு பொருளின்மேல் வைத்த பற்று அளவு கடக்கும்போது அருகிலிருப்போர் அதற்கு விலைகொடுக்க நேரும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. அவருடைய சாதனையைப் போற்றும் நாம் அந்த விலையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வதே நேர்மையாகும்.

உத்தியோகம் போனபின் அவருக்குக் கிடைத்த செல்வம் நேரம் ஒன்றே. அதை அவர் வீணாக்கவில்லை. இன்வர்காகிலுக்கு அருகே ஒரேற்றி என்னும் நீண்ட கடற்கரை உண்டு. கடல்நீர் வற்றியபின் இறுகிக் கிடக்கும் அதன் ஈரமணலில் 1957ஆம் ஆண்டில் மணிக்கு 131 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டி, நியூசீலாந்துக் கடற்கரை ஓட்டத்தில் ஒரு சாதனையை நிலைநாட்டினார். அப்போது அவர் அறுபதை அணுகிக்கொண்டிருந்தார். வண்டியைச் செய்த பழைய நிறுவனமோ 1953ஆம் ஆண்டிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. தாய்வீடு மூடப்பட்ட பின்னரும் அந்த ஒரு வண்டி உலகின் மறுகோடியில் ஆண்டுக்காண்டு இளமை பெற்றுவந்தது. அதை ஓட்டியவருக்கோ 1950களின் இறுதியில் இருதய நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

சாய்மனைக் கதிரைக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? மன்றோ அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே பொனவில் என்னும் உப்பு வெளி இருக்கின்றது. பண்டொரு காலத்தில் அங்கே மாபெரும் ஏரியொன்று இருந்து வற்றிப்போயிற்று. அதன் அடித்தளமே இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று பரந்துகிடக்கும் உப்புத் தரை. மாரியில் அதன்மீது நீர் தேங்கும். கோடையில் அது ஆவியாகி, மட்டமாக இறுகிய உப்புப் படிவத்தை விட்டுச் செல்லும். வேகத்தை அளப்பதற்கு இயற்கையே விரித்துக் கொடுத்த பாய் அது. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்காரரான சேர் மல்கம் கம்பெல் மணிக்கு 300 மைல் என்னும் எல்லையை மோட்டார்க் காரிலே கடந்தது அவ்விடத்திலேதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் வேகப் பிரியர்கள் அங்கே கூடுவர். ஒரு திசையில் ஓடினாற் போதாது, காற்று துணைசெய்திருக்கக்கூடுமல்லவா? ஆகையால் எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியையே சாதனையாகக் கொள்வது விதி.

முதற் பயணத்தில் மன்றோ அவ்விடத்தைப் பார்த்துவர மட்டுமே சென்றார். பின்னர் வண்டியையும் கப்பலேற்றிக்கொண்டு சென்றார். எல்லாமாகப் பத்து முறை அவர் பொனவில் சென்றதாகச் சொல்வர். 1962ஆம் ஆண்டில், 63 வயதில், 850 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு மணிக்கு 178.95 மைல் வேகத்தில் ஓட்டித் தம் வகுப்பிலே உலக சாதனை படைத்தார். 1966இல் வேறொரு வகுப்பில் மணிக்கு 168.07 மைல். 1967ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, 68 வயதில், ஆயிரம் கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட வகுப்பில் மணிக்கு 183.59 மைல் என்று பதிவாயிற்று. அதற்கான தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 190.07 மைல் வேகத்தை எட்டினார். 55 மைலுக்கென்று செய்யப்பட்ட வண்டி, 47 ஆண்டுகளின்பின், அதனைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடிற்று.

அந்த ஓட்டம் எத்தகையது என்பதை நினைத்துப் பாருங்கள். காற்றைக் கிழித்துச் செல்வதற்காக வண்டியைச் சுற்றி மீன் போன்ற கூடு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதனுள்ளே முதியவர் முகங்குப்புறப் படுத்த நிலையில் ஓட்டவேண்டும். ஒருமுறை உச்சவேகத்தில் வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்கவென்று அவர் உடலை நிமிர்த்தியபோது காற்று அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிச் சென்றது, கண் தெரியவில்லை. வண்டியைப் பக்கவாட்டிற் சாய்த்து உப்புத்தரையிலே சறுக்கவிட்டே தப்பினார். சிறு சிராய்ப்புக்களோடு எழுந்துவந்தார்.

வேகம் இளைஞருக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். மன்றோவின் வரலாறு அதனை மறுபரிசீலனை செய்ய வைக்கின்றது. உப்பு வெளியில் ஒரு மைலைக் கடக்க அவருக்கு இருபது விநாடியும் செல்லவில்லை. ஆனால் அந்த இருபது விநாடிக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளின் நிதானம் இருந்தது. இருபத்தொரு வயது மன்றோவிடம் துணிவு இருந்தது. எந்த உலோகம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்ற அறிவு இருக்கவில்லை. அதை அவருக்குக் கற்பித்தவை தட்டிலிருந்த காணிக்கைகளே. முதுமை அவருடைய உடலிலிருந்து எடுத்துக்கொண்டதைவிடக் கைகளுக்குக் கொடுத்தது அதிகம் எனலாம்.

எனினும் முதுமை தன் கணக்கைத் தீர்க்காமல் விடுவதில்லை. 1977ஆம் ஆண்டில் மன்றோ பாரிசவாதத்தால் தாக்குண்டு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். கைகால்கள் முன்போல் ஒத்துழைக்கவில்லை என்பதைக் கண்டார். அப்போது அவர் செய்த செயல் கவனிக்கத்தக்கது. தம்மிடமிருந்த இந்தியன், வெலோசெற் ஆகிய இரு வண்டிகளையும் சொந்த ஊரிலேயே ஒரு வணிகரிடம் விற்றுவிட்டார். அவை பிறந்தகத்தை விட்டுப் போகக்கூடாதென்பதே அவர் விருப்பம். பிடித்துக்கொண்டிருக்கத் தெரிந்தவருக்கு, வேளை வந்தபோது கைவிடவும் தெரிந்திருந்தது. 1978ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆந் தேதி அவர் காலமானார். அவருடைய வண்டியை இன்வர்காகிலுள்ள அந்த இரும்புப்பொருட் கடையில் மக்கள் பார்த்துச் செல்கின்றனர்.

அவரை நேரிற் கண்டு 1971ஆம் ஆண்டில் ஒரு விவரணப் படம் எடுத்த ரோஜர் டொனால்ட்சன், 2005ஆம் ஆண்டில் அந்த வரலாற்றைத் திரைக்கதையாக்கி, அந்தனி ஹொப்கின்ஸைக் கொண்டு நடிக்கவைத்தார். அதன்பின்பே உலகம் அவரைப் பரவலாக அறிந்தது. 2014ஆம் ஆண்டில் இன்னுமொன்று நிகழ்ந்தது. 1967ஆம் ஆண்டுச் சாதனையின் சராசரியைக் கணித்ததிற் பிழையிருப்பதை அவருடைய மகன் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டினார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கமும் அதனை ஏற்று, வேகம் மணிக்கு 184.087 மைல் என்று திருத்தியது. இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த முதியவர் அரை மைல் வேகம் கூடினார்! முறிந்துபோன குடும்பத்தின் மகனே தந்தையின் கணக்கைச் சரிசெய்தான் என்பது நம் உள்ளத்தைத் தொடுகின்றது.

நேயர்களே, இளைப்பாறும் ஒவ்வொருவரும் உப்பு வெளிக்குச் சென்று உயிரைப் பணயம் வைக்கவேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. மருத்துவரின் சொல்லையும் வீட்டாரின் கவலையையும் மதிக்கத்தான் வேண்டும். ஆயினும், பின்விறாந்தையிலே தூசி படிந்து நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளோ, உறையைவிட்டு எடுக்கப்படாத வயலினோ, பாதியில் நிறுத்திய தச்சுவேலையோ ஏதேனுமொன்று உங்களிடமும் இருக்கலாம். களைப்பு ஆறிவிட்டதென்றால், நாளைக் காலையிற் கதிரையைவிட்டு எழுந்து அந்தத் தூசியைத் தட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள பேரனையும் பேர்த்தியையும் கூடவே அழைத்துக்கொள்ளுங்கள். மன்றோ தனியே செய்ததை நாம் துணையோடு செய்வோமாக.