தறிக்குழியும் தரும சங்கமும்
சங்கரன்கோவில் வட்டார நெசவு வரலாறு திருச்சபைக்குத் தரும் படிப்பினை

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை ஆராயும்போது பனையேறும் மக்களைப்பற்றியும் உழவுக் கூலிகளைப்பற்றியும் நாம் மிகுதியாக வாசிக்கிறோம். நெசவாளரைப்பற்றி வாசிப்பது சொற்பமே. இது வியப்பன்று. 19ஆம் நூற்றாண்டில் திரளாகச் சபையில் சேர்ந்தோர் தேரிக்காட்டு மக்களும் ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளருமே. தறியோசை கேட்கும் தெருக்களில் அத்தகைய பேரியக்கம் எழவில்லை. ஆயினும் எளியோர் தம் பிழைப்பைக் காக்கச் சங்கமாகக் கூடிய வரலாறு அத்தெருக்களுக்கு உண்டு. அதிலிருந்து திருச்சபை கற்கவேண்டியது யாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1. கரிசலும் ராட்டையும்

சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரங்களின் கரிசல் பருத்திக்குப் பேர்பெற்றது. கொட்டை நீக்கி, வில்லால் பஞ்சு கொட்டி, ராட்டையில் நூற்பது வீட்டுப் பெண்களின் தொழில். விதவைக்கும் முதியவளுக்கும் அதுவே கைக்காசு. 19ஆம் நூற்றாண்டில் இப்பருத்தி தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்தது. ஆலைநூல் திரும்பி வந்தது. 1880களில் ஹார்வி கம்பெனியார் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையால் நூற்பாலையை நடத்தத் தொடங்கினர். ராட்டை நின்றது; தறி நிற்கவில்லை. ஆனால் வீட்டிலே நூற்ற நூல் அகன்று கடைநூல் வந்தபோது, நெசவாளி நூல் கடன் கொடுப்பவருக்குக் கட்டுப்பட்டவனானான். நூலும் அவருடையது, நெய்த சேலையும் அவருடையது. நெசவாளிக்கு எஞ்சியது கூலி மட்டுமே.

2. இரு தரும சங்கங்கள்

கைத்தறி தனிமனிதர் தொழில் அன்று. விடியற்காலையில் தெரு நெடுகப் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு, வெயில் ஏறுமுன் ஆற்றி எடுக்கப் பல வீட்டார் கை கொடுக்கவேண்டும். இன்று என் பாவுக்கு நீ, நாளை உன் பாவுக்கு நான் என்னும் இம்முறையே நெசவாளர் ஒற்றுமையின் வேர் எனலாம்.

இம்மாவட்ட வரலாற்றில் தரும சங்கம் என்னும் பெயர் இருமுறை வருவதை நாம் கவனித்தல் தகும். 1830இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் ஏற்படுத்திய தரும சங்கம், விசுவாசத்தினிமித்தம் குடியிருப்பை இழந்தோர்க்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. 1906ஆம் ஆண்டளவில் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச்சாலையை நிறுவினார். இவ்விரண்டிற்கும் நேர்த்தொடர்பு இருந்ததென்று நாம் கூறவில்லை. ஆயினும் முன்னது குடியிருக்க மண்ணையும், பின்னது பிழைக்கத் தொழிலையும் தருமமாகக் கண்டது. பிச்சையிடுதலை மட்டும் தருமமென்று இரண்டும் கருதவில்லை.

3. நியாயமான கூலி என்னும் கேள்வி

1925இல் காந்தியடிகள் தலைமையில் அகில இந்தியச் சர்க்கா சங்கம் தோன்றியது. அது பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கி, நெசவாளரிடம் சேர்த்து, கதராக விற்றது. ஒரு தறிக்குப் பல ராட்டைகள் வேண்டுமாதலால், ஒரு நெசவாளியின் வேலை பல பெண்களின் அடுப்பை எரியச் செய்தது. 1935இல் இச்சங்கம், நூற்போருக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி தரவேண்டும் என்னும் கொள்கையை ஏற்றது. அதனால் கதரின் விலை ஏறும் என்பதை அறிந்தே இவ்வாறு செய்தனர். மலிவான துணியை உடுத்துவோர் அதன் மலிவுக்காக யாருடைய வயிறு வாடுகிறதென்று கேட்கவேண்டும் என்பதே அதன் பொருள். ஜே.சி. குமரப்பா என்னும் தமிழ்க் கிறிஸ்தவர் இக்கேள்வியைத் தம் பொருளியலின் நடுவே வைத்தார் என்பது நமக்குப் பெருமையும் கடிந்துரையுமாகும்.

அதே 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இன்றைய கோ-ஆப்டெக்ஸ், பிறந்தது. ஊர்தோறும் அமைந்த சங்கங்கள் உறுப்பினருக்கு நூல் கொடுத்தன. கூலியைக் கணக்கில் எழுதின. சேலையை விற்பனைக்கு அனுப்பின. கூலியில் ஒரு பகுதியைச் சேமிப்பாகப் பிடித்தன. 1953இல் ஆலைத்துணியின்மீது விதித்த தீர்வை இவற்றிற்கு உதவியது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய ராட்டையே அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் பரவியது.

4. மிஷன் தறிகள்

திருச்சபையும் தறி நாட்டியதுண்டு. சாதியை விட்டு வந்து தொழிலிழந்த விசுவாசிகளுக்காக பாசல் மிஷன் 1851இல் மங்களூரில் நெசவுச்சாலை அமைத்தது. நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனெரிமாரின் மனைவியர் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தனர். இவை மெய்யான இரக்கத்தின் கனிகள். ஆயினும் மங்களூரில் தறி மிஷனுக்கே சொந்தம். தொழிலாளி அதன் பிள்ளையாகவே நடத்தப்பட்டான். முதல் உலகப்போரில் மிஷன் சொத்துகள் பிறர் கைக்கு மாறியபோது, அதைக்குறித்துச் சொல்லத் தொழிலாளருக்கு உரிமை இல்லை. கூட்டுறவுச் சங்கத்திலோ, அதன் குறைகள் எவையாயினும், நெசவாளி உறுப்பினன். அவனுக்கு வாக்கு உண்டு. இரக்கத்திற்கும் ஐக்கியத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

5. இன்றைய பணி

2019முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலில் இன்று மிகுதியாக ஒலிப்பது விசைத்தறி. 1985ஆம் ஆண்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிற்று. பின்னர் அது 11 ஆகச் சுருங்கிற்று. தெருவில் பாவு நீட்டும் வழக்கம் குன்றியபோது, அதனோடு ஒருவருக்கொருவர் கை கொடுக்கும் வழக்கமும் குன்றியது. ஆனால் சங்கமாய்க் கூடும் தேவை நீங்கிவிடவில்லை. விசைத்தறித் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்துவதும், பேச்சுவார்த்தையில் உடன்பாடு காண்பதும் இவ்வூருக்குப் புதியனவல்ல.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கியது, இருவரும் ஒரே தொழிலினராய் இருந்தமையால் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. பிரசங்கத்திற்கு முன்னே அங்கு ஒரு தொழிற்கூடம் இருந்தது. பிடித்துவைக்கப்பட்ட கூலி தேவனுடைய செவிக்கு எட்டும் கூக்குரல் என்று யாக்கோபு எச்சரிக்கிறார். ஆகவே நெசவு ஊரில் ஊழியம் செய்யச் செல்லும் இறையியல் மாணவர், ஒரு சேலைக்கு என்ன கூலி, நூல் யாருடையது, சங்கத்தில் யார் உறுப்பினர், யார் வெளியே நிற்கின்றனர் என்பனவற்றை முதலாவது கேட்டறிதல் வேண்டும். அம்மக்கள் நம் சபையைச் சேராதவராயிருக்கலாம். அவர்களைச் சபையில் சேர்ப்பதற்கான வழியென்று எண்ணி இதைச் செய்தல் தகாது. அயலானின் கூலி நியாயமாயிருக்கவேண்டுமென்று தேவன் விரும்புவதாலேயே செய்தல் வேண்டும்.