வங்கி மன்னித்தாலும் பேரேடு மறக்குமா?



நம் லப்பைக்குடிக்காட்டில் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் முன்பெல்லாம் பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை என்றுதான் வருவார்கள். இப்போது பலர் "சிபில் அடிபட்டுப் போச்சு சார், பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்று வருகிறார்கள். வெளிநாட்டில் வேலை போய்த் திரும்பியவர் ஒருவர். பைக் டியூ மூன்று மாதம் நின்றுவிட்டது. பிறகு பாக்கி முழுவதையும் கட்டிவிட்டார். அபராதத்தையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனால் இன்று வீட்டுக் கடன் கேட்டால் எந்த வங்கியும் கொடுக்க மாட்டேன் என்கிறது. "அவங்களே மன்னிச்சிட்டாங்க, அப்புறம் ஏன் சார்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கடன் வரலாறு இதற்குள் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

பழைய காலத்தில் கடன் என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருந்த விஷயம். கைமாத்து என்றால் வாய்வார்த்தை. பெரிய தொகை என்றால் புரோநோட்டு. தவணை கட்டக் கட்ட நோட்டின் பின்பக்கம் வரவு எழுதுவார்கள். கடன் தீர்ந்த அன்று நோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு தவணை தாமதமாக வந்ததா, மழை பொய்த்த வருடம் வட்டியை விட்டுக்கொடுத்தாரா என்பதெல்லாம் நோட்டோடு போய்விடும். மன்னித்தவரிடம்தான் அந்தக் கணக்கும் இருந்தது. அதனால் மன்னிப்பும் மறதியும் ஒன்றாகவே நடந்தன.

மதமும் இதைத்தான் சொன்னது. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், அப்படியே விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்பது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் தரும் வழிகாட்டுதல். வட்டியில்லாத 'அழகிய கடன்' என்ற வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

சட்டத்திலும் ஒரு மறதி உண்டு. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் வரவோ எழுத்துமூலமான ஒப்புதலோ இல்லாவிட்டால் கடன் காலாவதி.

ஆனால் எல்லா வட்டிக்காரரும் விட்டுக்கொடுக்கிறவர் இல்லையே! வட்டிக்கு வட்டி ஏறி நிலம் கைமாறிய குடும்பங்கள் ஏராளம். இதற்கு வழி தேட 1892இல் சென்னை அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை நியமித்தது. அவர் ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் நடத்திக் காட்டிய கிராமக் கடன் சங்கங்களே நமக்கும் ஏற்றவை என்றார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூரில் சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் சொசைட்டிகளுக்கு அதுதான் மூத்தது.

அந்தச் சங்கங்களின் பலம் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது. யார் சோம்பேறித்தனத்தால் கட்டவில்லை, யார் மாடு செத்துப்போனதால் கட்டவில்லை என்று ஊருக்குத் தெரியும். தாமதத்தோடு சேர்த்துத் தாமதத்தின் காரணமும் தெரியும் என்பது முக்கியம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1929இல் உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கடன் தொகை மட்டும் அப்படியே நின்றது. மாகாணத்தில் விவசாயிகளின் மொத்தக் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930இல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டிருந்தது. 1935இல் சத்தியநாதன் ஐ.சி.எஸ். தந்த அறிக்கை அது 200 கோடி ஆகிவிட்டது என்றது. 1936இல் கடன் சமரசச் சட்டம் வந்தது. கொடுத்தவரையும் வாங்கியவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கும் வாரியங்கள் அதன் கீழ் அமைந்தன. ஆனால் கொடுத்தவர் சம்மதித்தால்தானே சமரசம்?

1937இல் ராஜாஜி மாகாணத்தின் பிரதமர் ஆனார். 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். அந்த வருடத்தின் 4ஆம் சட்டம் அது. அப்போது நம் பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்தது.

அந்தச் சட்டத்தின் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு விவசாயி 1928இல் 200 ரூபாய் வாங்கினார் என்று வையுங்கள். 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன் என்பதால், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி எவ்வளவானாலும் முழுவதும் ரத்து. அசல் பாக்கியைக் கட்டினால் போதும். அசலும் வட்டியுமாக ஏற்கெனவே 400 ரூபாய், அதாவது அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1932 அக்டோபருக்குப் பின் வாங்கிய கடன் என்றால் சட்டம் வந்த நாள்வரை 5 சதவீதம்தான் வட்டி.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, வங்கிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தர வேண்டிய கடனை இந்தச் சட்டம் தொடவில்லை. வேறு சொத்தே இல்லாத ஒரு பெண் கொடுத்திருந்த 3,000 ரூபாய் வரையிலான கடனுக்கும் விலக்கு இருந்தது. கைம்பெண்கள் கையிருப்பை வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்த காலம் அது. கொடுத்தவரிலும் ஏழை உண்டு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, சட்டம் கடனைத் துடைத்தது, லேவாதேவிக்காரரின் மனதைத் துடைக்க முடியவில்லை. சிறு விவசாயிக்குக் கொடுக்கக் கை தயங்கியது. ஆக மன்னிப்பு ஒரு பக்கம், ஞாபகம் ஒரு பக்கம் என்று பிரிய ஆரம்பித்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு வந்த தள்ளுபடிகள் உங்களுக்குத் தெரிந்தவை. 2006இல் கலைஞர் ஆட்சியிலும், 2016இல் ஜெயலலிதா ஆட்சியிலும், 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி ஆட்சியிலும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. கடைசியாகச் சொன்னது 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். இவை எல்லாம் ஒட்டுமொத்தமாக அரசு கொடுத்த மன்னிப்பு. தனி ஆள் ஒருவர் தன் கதையைச் சொல்லிக் கேட்டுப் பெற்றது அல்ல.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஞாபகம் எப்படித் தனி நிறுவனம் ஆனது?

அமெரிக்காவில் லூயிஸ் டாப்பன் என்ற பட்டு வியாபாரி 1837 நெருக்கடியில் கடை நொடித்துப்போனவர். கடனுக்குச் சரக்கு கொடுத்துக் கெட்டவர். 1841இல் அவர் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் தொடங்கி, ஊர் ஊராக எந்த வியாபாரி நாணயமானவர் என்று தகவல் திரட்டி விற்றார். கடன் கொடுக்காத, வாங்காத மூன்றாவது ஆள் கணக்கு வைத்துக்கொள்ளும் தொழிலில் அது ஒரு முன்னோடி.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி குழுவின் பரிந்துரையை ஒட்டி 2000 ஆகஸ்டில் சிபில் நிறுவனம் பதிவானது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. மகளிர் குழு லோன் உட்பட எல்லாம் பதிவாகிறது. சிபில் மதிப்பெண் 300இல் தொடங்கி 900 வரை. அறிக்கையில் கடைசி 36 மாதத் தவணை வரலாறு மாதவாரியாகக் கட்டம் கட்டி இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் தாமதம் என்ற எண். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். இந்தத் தகவலை நிறுவனங்கள் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டத்தில் எண் இருக்கிறது, காரணத்துக்கு இடம் இல்லை. மாடு செத்ததா, விசா ரத்தானதா, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா, கடன் கொடுத்தவர் அதை ஏற்றுக்கொண்டாரா, எதுவும் தெரியாது. திரூர் சங்கத்துக்குத் தெரிந்த பாதிச் செய்தி இங்கே விடுபட்டுப்போயிற்று.

அதனால்தான் வங்கி அபராதத்தைத் தள்ளினாலும் மதிப்பெண் ஏறவில்லை. அபராதம் வங்கியின் பணம், அதை விட்டுக்கொடுக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. தகவல் அப்படி அல்ல. சரியான தகவலைத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வங்கியைக் கட்டிப்போடுகிறது. உண்மையில் நடந்த தாமதத்தை நடக்கவில்லை என்று எழுதச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அமெரிக்காவில் நல்லெண்ணக் கடிதம் எழுதி, பழைய தாமதத்தை நீக்கும்படி கேட்கும் வழக்கம் உண்டு. அங்கும் அது கொடுப்பவர் விருப்பம்தான்.

ஆனால் மன்னிப்பும் பேரேடும் கைகோத்த ஒரு சமயம் நம் கண்முன்னே நடந்தது. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்பு அறிவித்தது. மார்ச் 1 முதல் மே 31 வரை என்றது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீண்டது. ஒத்திவைப்புப் பெற்றவரைத் தவணை தவறியவராகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்று உத்தரவே போட்டது. 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மனம் இருந்தால் பேரேட்டுக்கும் மன்னிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

சரி, இன்று ஒருவர் வங்கியிடம் என்ன கேட்கலாம்? மனு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள். நான்கு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

பதிவு தவறாக இருந்தால், உதாரணமாகக் கட்டிய தவணை கட்டாததாக இருந்தால், கெஞ்ச வேண்டாம். திருத்துவது உங்கள் உரிமை. புகார் கொடுத்த 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லி, 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அப்படியும் நடக்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. தொலைபேசி எண் 14448.

தாமதம் உண்மை என்றால், அபராதக் குறைப்பு கேளுங்கள். 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, கட்டணமாகத்தான் போட வேண்டும், அதன்மேல் வட்டி ஏறக் கூடாது. ஏன் தாமதம் என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். விசா ரத்தான தாள், ஆஸ்பத்திரி பில் எதுவானாலும் நகல் வையுங்கள். புதிதாகக் கடன் கேட்கும் வங்கியிலும் அதே கடிதத்தைக் கொடுங்கள். கட்டத்தில் இல்லாத காரணத்தை மேலாளர் மேசையில் வைக்க அதுதான் வழி.

பாதி கட்டி 'செட்டில்டு' என்று முடிப்பதைவிட, முடிந்தால் முழுவதும் கட்டி 'குளோஸ்டு' என்று பதிவாகச் செய்து, பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். கஷ்டம் வரப்போகிறது என்று தெரிந்தால் தவணை தவறுவதற்கு முன்பே போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். பணம் கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்கிறேன் என்கிற ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். உண்மையான பதிவை அழிக்க அவர்களுக்கு எந்த வழியும் இல்லை.

மற்றபடி ஒழுங்காகக் கட்டுவதும் காத்திருப்பதும்தான் மருந்து. வங்கிகள் 15 நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. தாமதம் சீக்கிரம் ஏறுவது போல நல்ல பெயரும் சீக்கிரம் ஏறும்.

இது கடனோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2025இல் சிபில் பதிவு சரியில்லை என்று ஸ்டேட் பாங்க் ஒருவரின் அதிகாரி நியமனத்தை ரத்து செய்தது. அது சரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை இல்லாததால் டியூ நின்றது, டியூ நின்றதால் வேலை இல்லை என்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போவான்?

பொய்யை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தாமதம் நடந்தது உண்மை. அதற்கு ஒரு காரணம் இருந்ததும், கடன் கொடுத்தவரே அதை ஏற்று விட்டுக்கொடுத்ததும் அதே அளவு உண்மைதான். 1938இல் ஒரு சட்டசபைக்கு அசலையும் வட்டியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது, ஏழைக் கைம்பெண்ணைத் தனியாகப் பார்க்கத் தெரிந்தது. கணினி வைத்திருக்கும் நமக்கு, அந்த மாதக் கட்டத்தின் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுவது அவ்வளவு கடினமா?