காவலிலிருந்து காத்திருப்புக்கு: சில ஆங்கில வினைகளின் பொருள் வரலாறு

காத்திருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்று முதலில் வாயில் வரும் வினை ‘வெயிட்’. அது தொடக்கத்தில் காத்திருத்தலைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பார்த்தது ‘பீடன்’ என்னும் வினை. இன்றைய ‘பைட்’, ‘அபைட்’ இரண்டும் அதன் வழிவந்தவை. இந்த இடமாற்றத்தை 1066இல் நடந்த நார்மன் படையெடுப்பின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். ஆண்டவர்களின் பிரெஞ்சு வந்தது, குடிகளின் சொற்கள் ஒதுங்கின என்பது எளிய விளக்கம்தான். ஆனால் காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

வட பிரெஞ்சு வட்டார வழக்கிலிருந்து ‘வெயிட்’ ஆங்கிலத்துக்குள் வந்தது ஏறத்தாழ 1200ஐ ஒட்டி. பிரெஞ்சுக்கு அதைத் தந்ததோ பிராங்கியர் பேசிய ஜெர்மானிய மொழி. விழித்திருத்தல், கண்காணித்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள்; ‘வாட்ச்’, ‘வேக்’ ஆகியவை அதன் உறவுகள். ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது பகைவனை நோட்டமிடுவதையும், பதுங்கியிருந்து தாக்கத் தருணம் பார்ப்பதையும் குறித்தது. நகரக் காவலர்களுக்கு ‘வெயிட்’ என்றே பெயர். குழலூதிக்கொண்டு இரவுக் காவல் சுற்றிய அவர்களே பின்னாளில் நகரத்தின் சம்பளம் பெறும் இசைக்குழுவினர் ஆனார்கள். பிரபுவின் வீட்டில் எசமானின் முகக்குறிப்பைப் பார்த்து நின்ற ஊழியனையும் இதே வினை தொட்டது. உணவகத்தின் ‘வெயிட்டர்’ அந்தக் கிளை. ஒன்றும் செய்யாமல் நேரத்தைக் கடத்துகிற இன்றைய பொருள் நிலைகொண்டது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். படையெடுப்புக்கும் இதற்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

தமிழனுக்கு இந்தப் பாதை புதிதல்ல. ‘காத்திரு’ என்பதில் ‘கா’ முதலில் காவல்தானே!

ஆங்கிலக் கவிஞர் மில்டன் தம் பார்வையிழப்பைப் பற்றி எழுதி 1673இல் அச்சான பதினான்கடிப் பாடலின் கடைசிச் சொல் ‘வெயிட்’தான். இன்று வாசிப்பவர் அதில் பொறுமையை மட்டுமே கேட்கிறார். அப்பாடலில் இறைவன் ஓர் அரசனாகவும், ஏவலுக்கு ஓடும் ஆயிரக்கணக்கானோர் அவன் பணியாளராகவும் வருகிறார்கள். எனவே கட்டளையை எதிர்பார்த்து அருகில் நிற்கும் அவைப்பணியும் அச்சொல்லில் அடங்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பாடலின் வாதம் பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் கருத்து.

வேறு சில வினைகளும் இப்படியே வேலையில் தொடங்கி ஓய்வில் முடிந்தவை. ‘டுவெல்’ என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு வழிதவறச் செய்தல், ஏமாற்றுதல் என்று பொருள். இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் அதன் உறவுச்சொல் தாமதித்தலைக் குறித்தது. அந்தச் செல்வாக்கில் ஆங்கிலச் சொல்லும் தாமதித்தல், தங்குதல், குடியிருத்தல் என்று நகர்ந்தது. ‘லாஸ்ட்’ என்னும் வினை ஒருவரின் அடிச்சுவட்டைப் பின்பற்றுவதிலிருந்து, ஏற்றதை நிறைவேற்றுவதற்கும், அங்கிருந்து நீடித்து நிலைப்பதற்கும் வந்தது. செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் கால் அச்சுக்கும் அதே பெயர், அதே மூலம். கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’ மட்டும் வேறு குடும்பம். இவ்விரு வினைகளிலும் நார்மன் பிரெஞ்சுக்குப் பங்கே இல்லை.

‘ரிமெய்ன்’, ‘ஸ்டே’, ‘என்ட்யூர்’, ‘சஃபர்’ ஆகியவை லத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘என்ட்யூர்’ முதலில் கெட்டிப்படுத்துதல்; ‘சஃபர்’ அடியிலிருந்து சுமத்தல். 1611இன் ஆங்கில விவிலியத்தில் ‘சஃபர்’ பல இடங்களில் ‘அனுமதி’ என்ற பொருளிலேயே வருகிறது. இக்காலத்தவர் அங்கே இடறுவதில் வியப்பில்லை.

அப்படியானால் பழைய ‘பீடன்’ என்ன ஆயிற்று? எதிர்பார்க்கப்படும் பொருளை அது ஆறாம் வேற்றுமையில் ஏற்றது. வேற்றுமை விகுதிகள் தேய்ந்தபோது அந்தத் தொடரமைப்பு ஆட்டம் கண்டது. முன்னிடைச்சொல்லோடு எளிதாகச் சேர்ந்த ‘வெயிட்’டுக்கு அது வசதியாகியிருக்கலாம். ‘அபைட்’ என்பதன் பெயர்ச்சொல்லான ‘அபோட்’ தாமதத்தைக் குறிப்பதை விட்டு வசிப்பிடத்தைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் வினை வேறொரு மூலையில் ஒதுங்கியது: ‘என்னால் சகிக்க முடியாது’ என்னும் எதிர்மறைத் தொடர். ‘புரூக்’ என்பதும் அங்கேதான் வந்து சேர்ந்தது. பயன்படுத்துதல், துய்த்தல் என்று தொடங்கி, உண்டதைச் செரித்தல் வழியாகச் சகித்தலுக்கு இறங்கிய வினை அது. ‘பேர்’, ‘ஸ்டாண்ட்’ ஆகியவையும் சகிப்புப் பொருளில் பெரும்பாலும் மறுப்போடுதான் வருகின்றன. ஆங்கிலேயர் சகிப்பைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் அது தீர்ந்துபோன பிறகே.

‘அபைட்’ முழுமையாகத் தங்கியது தேவாலயத்தில். ஹென்றி பிரான்சிஸ் லைட் எழுதிய, அவர் காசநோயால் இறந்த 1847ஆம் ஆண்டோடு இணைத்துப் பேசப்படும் ‘அபைட் வித் மீ’ என்னும் புகழ்பெற்ற கீதத்தின் முதற்சொல் அது. தமிழ்த் திருச்சபைகளிலும் அப்பாடல் மொழிபெயர்ப்பில் பாடப்படுகிறது.

அவ்வளவு அதிர்ஷ்டம் எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை. தங்குதல், எஞ்சுதல் என்னும் பொருளில் இருந்த ‘வுனியன்’, ‘பெலீஃபன்’ இரண்டும் ஆங்கிலத்தில் வழக்கொழிந்தன. ஜெர்மனில் அவற்றின் இணைகளான ‘வோனன்’, ‘ப்ளைபன்’ இன்றும் அன்றாடச் சொற்கள்.

ஓரங்களில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தில் ‘பைட்’ இன்னும் குடியிருப்பதைக் குறிக்கிறது. ‘ஸ்டே’யும் அப்படித்தான். நம் ஊர் ஆங்கிலத்தில் நாம் கேட்கும் ‘எங்கே ஸ்டே பண்றீங்க?’ லண்டன்காரருக்கு விடுதி அறையை நினைவூட்டும், எடின்பரோக்காரருக்கு வீட்டை. பொறுத்துக்கொள்ளுதலைக் குறித்த பழைய ‘தோலியன்’ ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ‘தோல்’ என்று உயிரோடிருக்கிறது. பழைய ஆங்கிலக் காப்பியமான ‘பேயவுல்ஃப்’பை மொழிபெயர்த்த கவிஞர் சீமஸ் ஹீனி, அதன் பதிப்பொன்றின் சொல்லடைவில் இந்த வினையை எதிர்கொண்டபோது அது தம் உறவுக்காரப் பெண்மணி பேச்சில் வழங்கிய சொல் என்று அடையாளம் கண்டதை முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்.