நகைச்சுவைப் படநூல்கள் (சிறுவர்)

எழுத்தறியாத அல்லது எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தைகளைச் சிரிக்க வைக்கப் படத்தையும் சில வரிகளையும் இணைத்து ஆக்கப்படும் நூல்கள். பெரியவர் வாசிக்க, குழந்தை படம் பார்த்தபடி கேட்பது வழக்கம். பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்டவை.

தோற்றம்: இவ்வகையின் முதல் பெருவெற்றி ஜெர்மனியில் விளைந்தது. ஃப்ராங்க்ஃபர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன், 1844 கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று வயது மகனுக்காகப் புத்தகம் தேடினார். கடைகளில் நீதி புகட்டும் நூல்களே இருந்தன. வெற்று நோட்டு ஒன்றை வாங்கித் தாமே பாட்டெழுதிப் படம் வரைந்தார். 1845இல் அச்சேறிய அந்நூல், பின்னர் ‘ஷ்ட்ரூவல்பேட்டர்’ என்னும் பெயரில் புகழ்பெற்றது. அதில் சூப் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் கொழுகொழு பையன் நாளுக்கு நாள் இளைத்து, ஐந்தாம் நாள் இறந்துபோகிறான். அவன் கல்லறைமேல் சூப்புப் பாத்திரம் வீற்றிருக்கிறது. இதைக் கொடூரம் என்போர் உண்டு. ஆயினும் அற்பக் குற்றத்துக்கு அளவு மீறிய தண்டனை என்னும் மிகையே இங்கு நகைக்குக் காரணம்.

இங்கிலாந்தில் ஓவியர் எட்வர்ட் லியர், டெர்பி பிரபுவின் மாளிகைக் குழந்தைகளுக்காகப் புனைந்த வேடிக்கைப் பாக்களைப் படங்களுடன் 1846இல் வெளியிட்டார். ஜெர்மானியர் வில்ஹெல்ம் புஷ்ஷின் ‘மாக்ஸும் மோரிட்ஸும்’ (1865) இரு போக்கிரிச் சிறுவரின் ஏழு குறும்புகளைக் கூறும்.

கால்டிகாட்: இன்றைய படநூலின் தந்தை ராண்டால்ஃப் கால்டிகாட் (1846–1886). அச்சாளர் எட்மண்ட் எவன்ஸுடன் சேர்ந்து 1878 முதல் ஆண்டுக்கு இரண்டாக 16 நூல்கள் வெளியிட்டார். பழைய பாட்டு சொல்லாததைப் படத்தில் சொன்னது அவர் சாதனை. தட்டும் கரண்டியும் ஓடிப்போவதோடு முடியும் பாட்டு ஒன்றுக்கு, தட்டு நொறுங்கிக் கிடப்பதையும், தாய்தந்தையரான கத்தியும் முள்கரண்டியும் கரண்டியை இழுத்துச் செல்வதையும் வரைந்து சேர்த்தார். அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் வழங்கும் படநூல் பதக்கம் அவர் பெயர் தாங்கியது.

ஈர்ப்பு: எழுத்துக்கும் படத்துக்கும் இடையிலான முரணே முதன்மைக் காரணம். பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸீஸ் வாக்’ (1968) ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலா வருவதை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. நரி என்ற சொல்லே வராது. படத்திலோ பின்னாலேயே பதுங்கிவரும் நரி மண்வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. வாசிப்பவர் வாய் திறந்து சொல்லாத நரியைக் குழந்தை கண்டுபிடிக்கிறது. பெரியவருக்கு முன்பே தனக்குத் தெரிந்துவிட்ட பெருமிதமும் அச்சிரிப்பில் கலந்திருக்கிறது. முடிவு தெரிந்த பின்னும் ‘இன்னொரு தடவை’ என்று கேட்பது, அடுத்த பக்கத்தில் வரப்போகும் அடியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இன்பத்துக்காகவே. எதுகையும் துணைநிற்கும்: டாக்டர் சியூஸ் 236 வெவ்வேறு சொற்களை மட்டும் கொண்டு எதுகை நயத்தோடு ‘தி கேட் இன் தி ஹேட்’ (1957) நூலை எழுதினார்.

இன்று: உலகெங்கும் பல மொழிகளில் வெளிவருகின்றன. தமிழில் சென்னையின் தூலிகா உள்ளிட்ட பதிப்பகங்கள் வெளியிடுகின்றன.